அப்பா கையை இறக்கிய நாள்

சேசு மரி சூசை துணை

ஹொல்ஸ்டெப்ரோ
19.04.2026, ஞாயிறு

அன்பு மகள் ஸ்ரெபானிக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளை மலிக்கும் உன் வயிற்றில் இருக்கிற குஞ்சும் சுகமென்றே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் எனக்குப் போன் எடு. இரத்தம் குறைவு என்று சொன்னாயே, இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா, தேத்தண்ணியோடு மட்டும் போடாதே. நீ தாதி, உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மலிக்கின் அம்மா ஆசையாகத் தருகிற திமிங்கிலத் தோலுக்கு முகத்தைச் சுளிக்காதே, எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்குத்தரிடம் கேட்டு அவ்வளவு சாப்பிடு, பாவம் அந்த மனுசி பேரப்பிள்ளைக்கென்றுதானே தருகிறா. அங்கே கிறீன்லாந்தில், நூக்கில் இன்னும் பனி உறைந்து கிடக்கும், படி இறங்கும்போது கைபிடியை விடாதே.

போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் சந்தியில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் போனில் சொல்லப் போனால் நீ நடுவில் டெனிஷில் ஏதாவது கேட்பாய், நான் அழத் தொடங்கிவிடுவேன், அப்பா என்ன கதையென்று எட்டிப் பார்ப்பார், எல்லாம் அந்த இடத்திலேயே முறிந்துபோகும். இது முறியாமல் உன்னிடம் வந்து சேர வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்கு எனக்குப் பலன் தா. ஆறுதலாக இருந்து வாசி.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு எங்கள் நகரசபைக் கொம்யூன் மண்டபத்தில் குடியுரிமை வைபவம் நடந்தது. தம்பி றொனிஷன் புரொண்பியிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வந்து படம் எடுத்து உனக்கும் அனுப்பியிருக்கிறான். அப்பா நீலச் சட்டையும் போட்டு, கடதாசிக் கொடியும் பிடித்துக்கொண்டு, பல் தெரியாமல் சிரிக்கிற அந்தப் படம். நீ அதற்கு இதயப் படம் ஒன்று போட்டாய், ஒரு சொல்லும் எழுதவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்று எனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு அப்பா வரவில்லை என்ற வலி உனக்கு இன்னும் இருக்கிறது. டென்மார்க்கில் இருக்க அவருக்கு உள்ள அனுமதி கிறீன்லாந்துக்குச் செல்லாது, அதற்கு வேறாக விசா எடுக்க வேண்டும், அது நேரத்துக்கு வரவில்லை. அன்றைக்கு நீ போனில் டெனிஷில் சொன்னாய், முப்பது வருசமாக மற்ற எல்லாரும் குடியுரிமை எடுத்துவிட்டார்கள், இவர் மட்டும் ஒரு சத்தியத்துக்குப் பயந்து எடுக்கவில்லை, அந்தக் காலத்தில் முகாமில் வாயைத் திறந்திருந்தால் அப்பம்மாவின் கடைசி நாளில் பக்கத்தில் இருந்திருப்பார், இந்தக் காலத்தில் வாயைத் திறந்திருந்தால் என் பக்கத்தில் இருந்திருப்பார், அவருடைய வீரத்துக்கு விலை கொடுக்கிறது எப்போதும் நாங்கள்தான் என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தது மகள். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். நீ சொன்னது பிழையென்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது, ஊரில் உள்ள எல்லாருக்கும் அதே நினைப்புத்தான்.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், கிரின்ஸ்டெட் ஜெயகாந்தன் மாமாவிடமிருந்து. அப்பாவும் அவரும் ஒரே முகாமில் ஒரே மண்டபத்தில் கிடந்தவர்கள். எண்பதுகளின் நடுவில், மன்னார்ப் பேசாலையில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்வந்த வள்ளத்தோடு அப்பாவை ஆமிக்காரர் பிடித்துத் தெற்கே கொண்டுபோனார்கள், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஜெயகாந்தன் மாமா மட்டக்களப்பில் சந்தைக்குப் போன இடத்தில் பிடிபட்டவர், வீட்டில் அவருடைய மனைவி பவளராணிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, வருசப் பிறப்புக்குப் பொதுமன்னிப்பு, கொடிக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கி அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் சொல்கிறவர்களை விடப்போகிறோம், வெளியே பஸ் நிற்கிறது என்று சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். அப்பா மட்டும் கையைத் தூக்கிவிட்டு இறக்கினார். ஜெயகாந்தன் மாமா பஸ்ஸுக்குப் போகிற வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தபோது அதைத்தான் கண்டார், அதைத்தான் இத்தனை வருசமாக எல்லாக் கலியாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கு வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களில் ஒரு பகுதி அப்பாவை மேடைக்கு ஏற்றி மாலை போட நின்றது, மற்றப் பகுதி, பெத்த தாய் இவனைக் கேட்டுக் கேட்டுச் செத்தாள், இவனுக்கென்ன விறைப்பு என்று பின்னால் கதைத்தது. அப்பா மாலை போட வந்தவர்களுக்கும் பதில் சொன்னதில்லை, ஏசினவர்களுக்கும் சொன்னதில்லை.

நீ நூக் போன வருசம் அவர் திடீரென்று குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினார். யன்னல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தன் பிள்ளைகளின் வயதில் உள்ள சிரியப் பெடியன்களோடு போய் வகுப்பில் இருப்பார். இரண்டு தரம் தவறிவிட்டது, மூன்றாம் தரம் சித்தியடைந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், கையில் வந்த பிறகு சொல்லுவோம் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம், படித்து முடித்தது சரி, வைபவத்தில் டென்மார்க்கின் அரசியல் சட்டத்தை மதிப்பேன் என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு அதிகாரிக்குக் கைகொடுக்க வேண்டுமே, அந்த இடத்தில் பழையபடி கையை இறக்கிவிடுவாரோ என்று. ஜெயகாந்தன் மாமாவுக்கும் அதே எண்ணம். வியாழக்கிழமை போன் எடுத்து, "அக்கா, அண்ணை உண்மையாக் கையெழுத்து வைக்கப் போறாரோ? நான் நம்பமாட்டன், வந்து கண்ணாலை பாக்கிறன்" என்றார். அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, கார் ஓட்ட மாட்டார், கிரின்ஸ்டெட்டிலிருந்து மகள் லக்சனாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். லக்சனாவை உனக்குத் தெரியும், அன்றைக்கு முகாமில் கிடந்து அவர் முகம் பார்க்கத் தவித்த குழந்தை அவள்தான், இப்போது நாற்பது வயது, அங்கே முதியோர் இல்லத்தில் பொறுப்பாக இருக்கிறாள்.

மண்டபத்தில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். யோசேப் என்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் எழும்பிப் போனார். மேசையில் கடதாசியை வைத்து, கொம்யூன் சார்பில் நின்ற பெண்மணி பேனையை நீட்டினா. அப்பா வாங்கவில்லை. கடதாசியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்வரிசையில் ஜெயகாந்தன் மாமா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். பிறகுதான் பார்த்தால் அப்பா சட்டைப் பையில் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடியைப் போட்டு, முழுவதையும் உதடு அசைய வாசித்து, கையெழுத்தை வைத்து, அந்தப் பெண்மணிக்குக் கையைக் கொடுத்தார். அவ "தில்லூக்க" என்று வாழ்த்தினா, எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. சந்தோசம்தான், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று ஏமாந்து போன மாதிரியும் இருந்தது, அதையும் உனக்கு ஒளிக்கவில்லை.

வைபவம் முடிய மற்றப் பக்கம் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரு மேசையில் இருந்தோம், அப்பா, நான், றொனிஷன், ஜெயகாந்தன் மாமா, லக்சனா. மாமா கேக்கைத் தொடவில்லை. முகம் ஒரு மாதிரியாக இருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார், "அண்ணை, பிழையா நினைக்காதையுங்கோ. அண்டைக்குச் செய்யாத சத்தியத்தை இண்டைக்கு எப்பிடி இவ்வளவு லேசாச் செய்தனீங்கள்?" அவர் குரலில் கோபம் இல்லை மகள், தாங்கமாட்டாத ஒரு மனக்குறை. நாற்பது வருசம் தூக்கி வைத்திருந்த மனுசனைத் தானே கீழே வைக்க வேண்டி வந்துவிட்டது போல. அப்பா கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "அண்டைக்கும் எனக்குச் சத்தியம் சொல்லுறதிலை ஒரு கரைச்சலும் இருக்கேல்லை ஜெயகாந்தன்" என்றார். "நானும் வீட்டை போகத்தானே வரிசையிலை நிண்டனான். கையும் தூக்கினனான், நீ கண்டனி." மாமா சொன்னார், "கண்டனான். இறக்கினதையும் கண்டனான்." அதற்கு அப்பா கேட்டார், "எனக்குப் பின்னாலை நிண்டது ஆரெண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ? அந்த வாய் பேசாத மனுசன்."

மகள், அந்த மண்டபத்தில் பேசமுடியாத ஒருவர் இருந்திருக்கிறார். பிறவி ஊமை இல்லை. எங்கேயோ ஒரு பஸ்ஸில் வைத்துப் பிடித்தார்களாம், தலையில் அடி, அதற்குப் பிறகு பேச்சும் போய் வலது கையும் விழுந்துவிட்டது. அடையாள அட்டை இல்லை, எழுதிக் காட்டக் கையில்லை, பெயர் என்ன, ஊர் எது, ஒருவருக்கும் தெரியாது. முகாமில் கொடுத்த இலக்கம் ஒன்று மட்டும். சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும், திரும்பச் சொல்ல ஒரு சத்தமும் வராது. அந்த அதிகாரி வைத்த ஒழுங்கு என்னவென்றால், ஒவ்வொருவரும் தன் வாயால் தன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும். அப்பா கையைத் தூக்கிப் பெயரைச் சொல்லப் போன இடத்தில், பின்னால் நிற்கிற மனுசனின் நினைவு வந்துவிட்டது. அதிகாரியிடம், சேர், இவராலை பேச ஏலாது, இவருக்கும் சேர்த்து நான் சொல்லட்டோ என்று கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் பதில் சொன்னாராம், ஒருத்தனுடைய விசுவாசத்துக்கு இன்னொருத்தன் சத்தியம் செய்ய முடியாது என்று. சரி, அப்ப நாங்கள் எல்லாரும் போனபிறகு இவருக்கு என்ன நடக்கும் என்று அப்பா கேட்டார். வேறு இடத்துக்கு மாற்றுவோம் என்றார். எந்த இடத்துக்கு என்று கேட்டார். அதற்கு அதிகாரி பதில் சொல்லாமல் கடதாசியைப் புரட்டினாராம். பெயரும் இல்லாத, வாயும் இல்லாத, தேடி வர ஆளும் இல்லாத ஒரு மனுசனை அந்தக் காலத்தில் வேறு இடத்துக்கு மாற்றினால் அது எந்த இடம் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீ வெளியே வளர்ந்தவள், உனக்காகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அப்பா சொன்னார், "நான் ஒண்டும் பெரிசா யோசிக்கேல்லை. கை தூக்கினபடி நிக்கிறன். அந்த மனுசன் என்ரை சட்டையைப் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நிக்குது. இழுக்கேல்லை, சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்குது. போனால் அந்தக் கையைத் தட்டிவிட்டிட்டுத்தான் போகோணும். எனக்கு அது ஏலாமல் போச்சு. அப்ப நானும் நிக்கிறன் சேர் எண்டு கையை இறக்கினன்." இனி இப்படி ஒரு நாள் வராது, யோசித்துச் சொல் என்று அதிகாரி திரும்பவும் கேட்டாராம். அப்பா இல்லையென்று தலையாட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. கொடிக்காகவும் இல்லை, கொடிக்கு எதிராகவும் இல்லை. பஸ் வரிசையில் தூரத்தில் நின்ற ஜெயகாந்தன் மாமாவுக்குக் கை இறங்கினது தெரிந்தது, சட்டையைப் பிடித்திருந்த கை தெரியவில்லை.

சுற்றிவரச் சனம் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது, சின்னப் பிள்ளைகள் கொடியோடு ஓடித் திரிந்தார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார், "நான் அவருக்குப் பக்கத்திலைதானே அண்ணை படுத்தனான். அவற்ரை இருமலாலை நித்திரை இல்லையெண்டு ஏசினனான். பஸ்ஸிலை ஏறேக்கை எனக்கு அவற்ரை நினைப்பே வரேல்லை. இத்தினை வருசமா இந்தக் கதையை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன், ஒருநாள் கூட அதுக்குள்ளை அவர் வரேல்லை." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்பா அவருடைய தோளில் கையைப் போட்டார். "உனக்கு அண்டைக்கு வீட்டிலை பிள்ளை பிறந்து கிடந்தது. நீ போனதுதான் சரி. ஒண்டையும் யோசியாதை, வாயாலை சொல்லிப்போட்டு ஓடு எண்டு உன்னைத் தள்ளிவிட்டதே நான்தானே" என்றார். லக்சனா எழும்பிப் போய் யன்னலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தாள், கண் சிவந்திருந்தது, அப்பாவின் கோப்பையில் ஆறிப்போயிருந்த கோப்பியைக் கொட்டிவிட்டுச் சுடச்சுட வேறு கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "பெரியப்பா, பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டாள். இதற்கு முன் அவள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறவள்.

பிறகு நடந்ததைத்தான் மகள் என்னால் இன்னும் நினைத்து முடியவில்லை. பஸ் போய்விட்டது, அந்தப் பெரிய மண்டபத்தில் அப்பாவும் அவரும் மட்டும், பார்த்திருக்க ஒரு ஆள் நின்றபடியால் அவரை உடனே மாற்றவில்லை. அப்பா அவருக்குச் சோறு ஊட்டினார், குளிக்க வார்த்தார். அதோடு ஒரு வேலையைத் தொடங்கினார், அந்த மனுசனின் பெயரைக் கண்டுபிடிக்கிற வேலை. பெயர் தெரிந்தால் ஆரும் தேடி வருவார்கள், தேடுகிற ஆள் இருந்தால் மாற்றமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அவருக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாராம், உங்கட ஊர் வந்தால் இடது கையாலை நிலத்திலை தட்டுங்கோ என்று. மன்னார்க் கரை முழுவதும் சொல்லி முடித்தார், தட்டவில்லை. யாழ்ப்பாணம் தீவுப்பகுதி எல்லாம் சொன்னார், தட்டவில்லை. தெரிந்த ஊர் முடிந்தபோது, புதிதாகப் பிடிபட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, உன்ரை ஊருக்குப் பக்கத்து ஊர்களைச் சொல்லு என்று கேட்பாராம். அடிவாங்கி வந்து விழுகிறவனுக்கு இது விசர் பிடித்தவன் கேட்கிற கேள்வி மாதிரி இருந்திருக்கும். மாதக்கணக்கில் இப்படி. ஒருநாள் முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வந்தான், அவன் சொன்ன ஊர்களை அப்பா திருப்பிச் சொல்லிக்கொண்டு போக, சிலாவத்தை என்றதும் அந்தக் கை நிலத்தில் தட்டியதாம். ஒரு தட்டு இல்லை, நிறுத்தவில்லை, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டே இருந்தாராம், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாயில் சத்தமில்லை. அப்பா அதைச் சொல்லும்போது தன் கையை மேசையில் வைத்து மெல்லத் தட்டிக் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர் தெரிந்த பிறகு பெயர். கழுத்தில் செபமாலை போட்டுப் பதிந்த தழும்பு இருந்தபடியால் எங்கள் வேதம்தான் என்று பிடித்து, அர்ச்சியசிட்ட புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, செபஸ்தியார் என்ற இடத்தில் மறுபடி தட்டினார். செபஸ்தியாம்பிள்ளை, சிலாவத்தை. விடுதலையாகிப் போன ஒருவரிடம் அப்பா இந்த இரண்டு சொல்லையும் வாயால் சொல்லி அனுப்பினார், அவர் அந்த ஊர்ப் பங்குச் சுவாமியிடம் சேர்த்தார், சுவாமி எழுத வேண்டிய இடங்களுக்கு எல்லாம் எழுதினார். அதற்குப் பிறகு முகாமில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்களாம். இந்திய ஒப்பந்தம் வந்தபோது எல்லாரையும் விட்டார்கள். சத்தியமும் கேட்கவில்லை, கையும் தூக்கச் சொல்லவில்லை, கதவைத் திறந்து போகச் சொன்னார்கள். அப்பா நேரே பேசாலைக்குப் போகவில்லை, அவரைக் கூட்டிக்கொண்டு சிலாவத்தைக்குத்தான் போனார். அவருடைய மனைவி திரேசா வாசலில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாவாம். நிமிர்ந்து பார்த்தா, எழும்பினா, கத்தி கையில் இருக்கிறதே தெரியாமல் கிட்ட வந்து, "நல்லா மெலிஞ்சு போனீங்கள்" என்று மட்டும் சொன்னாவாம். பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, நீங்களும் கையைக் கழுவுங்கோ, கறி இப்ப ஆகிடும்" என்றா. அந்தச் சாப்பாட்டைப் பற்றி அப்பா எங்களிடம் எவ்வளவோ நேரம் சொன்னார், தன்னுடைய சிறையைப் பற்றிச் சொன்னதை விட அது நீளம். அங்கேயிருந்து வீட்டுக்குப் போனபோதுதான் அப்பம்மா செத்து மூன்று மாதம் என்று தெரிந்தது.

ஒவ்வொரு தை மாதமும் அப்பா பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கிறவர், உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தப் பூசைக்கு வரக் குளிரென்று அடம்பிடிப்பாய். ஆருக்கு என்று நான் கேட்டால், தெரிஞ்ச ஒரு மனுசன் என்பார். அவர் ஆரென்று இப்போதுதான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் காய்ச்சலில் செத்துப்போனாராம், சொந்தப் பாயில், மனைவி பிள்ளைகள் சுற்றி இருக்க.

காரில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், ஏன் என்னிடம் கூடச் சொல்லவில்லை என்று. "ஒருத்தரும் கேக்கேல்லையே செலின்" என்றார். "வந்த எல்லாரும், நல்ல வேலை செய்தாய் எண்டினம், இல்லாட்டி ஏன் இந்த விசர் வேலை எண்டினம். பின்னாலை ஆர் நிண்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." முப்பத்துமூன்று வருசம் அவரோடு வாழ்ந்த நானும் கேட்டதில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, அன்றைக்கு அம்மாவை நினைக்கவில்லையா என்றும் கேட்டேன். "நினைச்சனான். அம்மாவிட்டைத் தனியப் போய் நிண்டால், அந்த மனுசனை ஆரிட்டை விட்டிட்டு வந்தனி எண்டுதான் முதல் கேட்டிருப்பா" என்றார். அப்படியென்றால் இத்தனை வருசம் ஏன் குடியுரிமை எடுக்கவில்லை என்று றொனிஷன் பின்சீற்றிலிருந்து கேட்டான். அப்பா சிரித்துவிட்டார். "எனக்கு டெனிஷ் எழுத்து ஏறேல்லையடா. பரீட்சையிலை விழுந்தால் வெக்கம். நீங்கள் எல்லாரும் சத்தியத்தாலை எண்டு நினைச்சியள், எனக்கும் அது வசதியாப் போச்சு." நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நான் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டிக் காரைக் கொண்டுபோய்விட்டேன்.

ஆனால் மகள், சிரித்து முடிந்த பிறகும் அந்தக் கதை என்னை விடவில்லை. நேற்றுக் காலை அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார், நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கையா என்று பார்த்தேன். தொழிற்சாலைக் கண்ணாடி கீறின தழும்பும், வெட்டாத நகமும், இதை நான் எத்தனை தரம் பிடித்திருப்பேன், எத்தனை தரம் இந்தக் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, சீனி கூடிப்போச்சு என்று குறை சொல்லியிருப்பேன். கோயிலில் சுரூபத்துக்கு முன்னால் நிற்கும்போது வருகிற அமைதி ஒன்று இருக்கிறதே, அது எனக்கு என் குசினியில் வந்தது. என்ன பாக்கிறாய் என்றார், ஒன்றுமில்லை, பெரிதாக வெட்டாதேங்கோ என்றேன். வேறு என்ன சொல்வது. வைத்திருந்த வாழ்வு இன்னதென்று தெரியாமலே வைத்திருந்திருக்கிறேன்.

பின்னேரம் ஜெயகாந்தன் மாமா போன் எடுத்தார். இனிமேல் அந்தக் கதையைச் சரியாகச் சொல்லப் போகிறாராம், முதலில் சொன்ன ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்திச் சொல்லப் போகிறாராம், கனடாவுக்கும் போன் எடுத்துவிட்டாராம். செபஸ்தியாம்பிள்ளையில் இருந்துதான் தொடங்குவேன் அக்கா என்றார். அப்பாவிடம் சொன்னேன், அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ என்றார், ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

சரி, மற்ற விசயங்கள். அப்பாவின் கடவுச்சீட்டுக்கு நாளைக்குக் கொம்யூனுக்குப் போகிறோம், உனக்கு நாள் சொன்ன ஆனி மாதம் வருகிறது, நீ பிள்ளை பெறுவதற்கு முன்னமே அங்கே வந்து நிற்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கொப்பன்ஹேகனில் இருந்து நேரே நூக்குக்கு விமானம் இருக்கிறதாம், றொனிஷன் பார்த்து வைத்திருக்கிறான். நான் பிள்ளை பிறந்த பிறகு வருகிறேன், உன் பத்தியச் சாப்பாட்டுக்குச் சரக்குத் தூள் இடித்துக்கொண்டு வரவேண்டும், அங்கே விமான நிலையத்தில் விடுவார்களா என்று மலிக்கிடம் கேட்டுச் சொல். நீ அப்பாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கத் தேவையில்லை, அவர் அதை எதிர்பார்க்கிற மனுசனும் இல்லை, கேட்டால் வெட்கப்பட்டு எழும்பிப் போய்விடுவார். ஒரே ஒரு நாள் அவரோடு தனியாக இருந்து, அவர் உனக்குச் சொல்ல விட்டுக் கேள். நான் எழுதினதில் பாதிதான் இருக்கிறது, அந்தக் கை நிலத்தில் தட்டியதை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

குளிசையை மறக்காதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. மருதமடு மாதா உன்னையும் மலிக்கையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும், சுகமாக இரண்டு உயிராகப் பிரிந்து எழும்பு என் குஞ்சு. மலிக்கின் அம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
மேரிசெலின்

மகள், அம்மா அடியிலை கொஞ்ச இடம் விட்டுத் தந்தவ. மேலை என்ன எழுதினவ எண்டு காட்டமாட்டாவாம். கூட்டித்தான் எழுதியிருப்பா, பாதியைக் கழிச்சு வாசி. ஆனி மாசத்திலையும் அங்கை குளிருமோ, என்ன சட்டை கொண்டு வாறது எண்டு மலிக்கிட்டைக் கேட்டுச் சொல்லு. மீன் பிடிக்கக் கரையிலை நிண்டு தூண்டில் போடலாமோ, வள்ளத்திலைதான் போகோணுமோ எண்டும் கேள். வாறன்.
அப்பா